எடைமேடையில் முத்துக்கோயா

ராத்திரி ரெண்டு மணிக்கு
நயினார்குளம் மார்க்கெட்டில்
மேட்டுப்பாளையம் லாரி பின்வாங்கி நிற்கும்.
மூட்டைக்கு ஒரு சீட்டு,
சீட்டுக்கு ஒரு எண்,
எண்ணுக்கு அடியில் என் கோழிக்கால் கையெழுத்து.
எடை எழுதுவதுதான் என் சோலி.
எவன் சாக்கில் தண்ணீர் தெளித்திருக்கிறான்
என்பது வரைக்கும் தெரியும்.

எனக்கே கனம் பற்றிப் பாடம் எடுத்தான் முத்துக்கோயா.
சேத்லாத் தீவுக்காரன். பாளையங்கோட்டையில் படிக்கிறான்.
வாடகையில் பாதி அவன், பாதி நான்.
பகலில் நான் படுக்கும் பாயில்
ராத்திரி அவன் படுப்பான்.

"அண்ணே, எங்க பத்துத் தீவுக்கும் சேர்த்து ஒரு எம்.பி.
ஓட்டு மொத்தம் ஐம்பத்தேழாயிரம்.
உங்க தொகுதியில பதினாறு லட்சம்.
வகுத்துப் பாருங்க."
சீட்டின் பின்புறம் வகுத்தேன்.
இருபத்தெட்டு.
என்னைப்போல் இருபத்தெட்டுப் பேரை
ஒரு தட்டில் ஏற்றினால்தான்
மறு தட்டில் இந்த ஒல்லிப்பயல் மேலே வருவான்.

டீக்கடையில் சொன்னதும்
சுமைதூக்கும் மாசானம் சிரித்தார்:
"ஆத்துல வெள்ளம் வந்தா
குறுக்குத்துறைக் கோயிலுந் தீவுதாம்ல.
முருகனுக்கு ஒரு சீட்டு கேளு."

முத்துக்கோயா சிரிக்கவில்லை.
சட்டசபை கிடையாது அவர்களுக்கு.
மேல்சபையிலும் ஆள் கிடையாது.
கப்பல் ரிப்பேரா, டீசல் வரவில்லையா,
பிரசவ வலிக்கு ஹெலிகாப்டர் வேண்டுமா,
அந்த ஒரே ஆள்தான் எழுந்திருக்க வேண்டும்.
ஐந்நூற்று நாற்பத்து மூன்று பேரில்
அவர் எழுந்ததை யாராவது பார்த்தால்
இரண்டு நிமிடம், மூன்று நிமிடம்.
மணி அடித்தால் உட்கார்ந்துவிட வேண்டும்.

ஊரிலோ ஜெயித்த கட்சியும் தோற்ற கட்சியும்
வெள்ளிக்கிழமை ஒரே வரிசையில்தான் தொழ நிற்பார்களாம்.
யாருக்குப் போட்டாய் என்று
யாரும் கேட்பதில்லை.
தெரியும்.

நான் விரல் மடக்கினேன்.
கவுன்சிலர், மேயர், எம்.எல்.ஏ., எம்.பி.
எங்களுக்கு நாலு பேர்.
அந்த மார்கழி வெள்ளத்தில் மூன்று நாள்
எங்கள் தெருவும் தீவாகத்தான் கிடந்தது.
நாலில் ஒரு குரலும் கேட்கவில்லை.
உவரியிலிருந்து வள்ளத்தை லாரியில் ஏற்றி வந்த
மிக்கேல் அடிமை என்பவர்தான்
பால் பாக்கெட்டுகளை மாடிக்கு எறிந்தார்.
ஒன்று உடைந்து வெள்ளத்தோடு போயிற்று.
எலெக்‌ஷனில் நில்லுங்கள் என்று கத்தினேன்.
"மொதல்ல ஒம்ம கயித்தப் பிடியும்" என்றார்.

தேர்தல் அவனுக்கும் எனக்கும் ஒரே நாளில் வந்தது.
கொச்சியில் கப்பல் டிக்கெட்
காத்திருப்புப் பட்டியலில் இருநூற்றுப் பதினொன்று.
அவன் பை கட்டினான், அவிழ்த்தான்,
திரும்பக் கட்டினான்.
கப்பல் போய்விட்டது.

நான் போட்டு வந்தேன்.
பள்ளிக்கூட வரிசை, வேப்பமர நிழல் எட்டாத இடம்,
எனக்கு முன்னால் ஒரு கிழிந்த குடை.
விரலில் மை காய்வதற்குள் அறைக்கு வந்தால்
உம்மாவிடம் போனில் கேட்டுக்கொண்டிருக்கிறான்,
யார் யார் போட்டார்கள்,
கால் வராத மாமாவை எதில் தூக்கிப் போனார்கள் என்று.
இருபத்தெட்டு ஓட்டு
பனியனோடு பாயில் உட்கார்ந்திருந்தது.

அன்று ராத்திரி தூக்கம் வராமல்
என்கூட மார்க்கெட்டுக்கு வந்தான்.
லாரி வர நேரமிருந்தது.
"ஏறுல மேடையில" என்றேன்.
செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினான்.
சிவப்பு எண் கொஞ்ச நேரம் தளம்பி
ஐம்பத்திரண்டு முந்நூறில் நின்றது.
அவன் இறங்கியதும் நான் ஏறினேன்.
எழுபத்தொன்று.
"மிஷின்ல தப்பு அண்ணே" என்றான்.
போன மாசம்தான் முத்திரை வைத்தது என்றேன்.

பழக்க தோஷம்,
ரெண்டு எண்ணையும் சீட்டில் எழுதிக்கொண்டிருக்கையில்
முதுகுக்குப் பின்னால் மாசானம்:
"எறங்குங்கய்யா,
சேனைக்கிழங்கு வருது."